வெள்ளையன் பல் கொடுத்துப் பார்த்த மூன்று கல்லூரிகள்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது கல்லூரியின் அட்மிஷன் செக்‌ஷனில் என் நாற்காலிக்கு வந்த பெண். கலந்தாய்வு இணையதளம் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.

"சார், சீட்டு கெடைச்ச பிள்ளைங்க சேர்றாங்களா இல்லையான்னு ஒரு பட்டன அமுக்குனாத்தான் தெரியும். அந்தப் பட்டனையே காணோம். அப்பல்லாம் நீங்க எப்படி சார் சமாளிச்சீங்க?"

"பஸ் ஏறிப் போய்க் கேட்போம்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பஸ் ஏறித்தான் போனேன், அதுவும் ஏற்காட்டையும் தாண்டி மாரமங்கலம் என்ற மலைக்கிராமத்துக்கு. அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில், நான் இருக்கும் ஏற்காட்டில் மேகம் இறங்கி செல்போன் கோபுரத்தை மூடிவிட்டது. மீதியை எழுதி அனுப்புங்கள், ஆண்டு மலரில் போட்டுவிடலாம் என்று மறுநாள் ரேவதி சொன்னாள். பாதியை மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது என்பதால் முழுதாகவே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது மலைக்குக் கீழே, சேலத்துப் பக்கம் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி. டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கிளார்க்காகி, சூப்பிரண்டாக வெளியே வந்தேன். பிறந்தது ஏற்காட்டில், அப்பாவுக்குக் காபி எஸ்டேட்டில் வேலை. வாரம் முழுக்கக் கீழே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் மலையேறுவேன். பல் மருத்துவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, காலையில் பல் தேய்ப்பதோடு சரி. எனக்குத் தெரிந்ததெல்லாம் சான்றிதழ்.

அந்த நாட்களில் தனியார் கல்லூரிகள் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கி, தனித்தனியாகப் பட்டியல் ஒட்டும். நல்ல மார்க் எடுத்த பிள்ளையின் பெயர் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். பட்டியலில் இருப்பதால் அந்தப் பிள்ளை நம் பிள்ளை ஆகிவிடாது. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் என்று ஒரிஜினல்கள் எப்போது எங்கள் இரும்பு பீரோவுக்குள் போகின்றனவோ அப்போதுதான் நம் பிள்ளை. அதுவரை யார் வேண்டுமானாலும் கொத்திக்கொண்டு போகலாம்.

ஒரிஜினல் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. மார்க் ஷீட்டை முதலில் வாங்கக் கூடாது. டி.சி.யில் ஆரம்பிக்க வேண்டும். அதன்மேல் பெற்றோருக்குப் பாசம் குறைவு. பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து சாதிச் சான்றிதழ். தாசில்தார் முத்திரையை வெளிச்சத்துக்குக் காட்ட வேண்டும். கடைசியில்தான் மார்க் ஷீட். அதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அப்பாக்காரர் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு மறுமுனையை விடமாட்டார். பட்டியலில் வேறு கல்லூரியும் இருக்கிறது என்றால் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். எனக்கு முன்னால் சூப்பிரண்டாக இருந்தவர், "தம்பி, இழுக்காதீங்க. கிழிஞ்சா ரெண்டு பேருக்கும் இல்ல. மொகத்தப் பாத்துச் சிரிச்சுட்டே நில்லுங்க, தானா வுடுவாங்க" என்பார். என் மொத்தப் பயிற்சியும் அவ்வளவுதான். பிற்பாடு எத்தனையோ அப்பாக்களின் முகத்தைப் பார்த்துச் சிரித்து நின்றிருக்கிறேன்.

இரண்டு மூன்று இடத்தில் சீட்டு கிடைத்தவர்கள் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதை என் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தே பார்த்திருக்கிறேன். நாமக்கல்லிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் கல்லூரி வாசலில் நின்று, லாரி பின்னால் எடுக்காமல் ஒரே ஒடியில் திரும்புமா என்று கணக்குப் போட்டார். திரும்பாது என்று தெரிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஓர் அம்மா நேராக ஹாஸ்டல் சமையல்கட்டுக்குள் நுழைந்து சாம்பார் அண்டாவைக் கரண்டியால் அடிவரை கலக்கிப் பார்த்தார். பருப்பு தட்டுப்பட்டது. பையன் சேர்ந்தான். பாடம் நடத்துகிறவர்கள் யார் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

எங்கள் பிரின்சிபால் டாக்டர் சபாபதியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெலிந்த மனிதர், சத்தமே வராத செருப்பு. பக்கத்தில் வந்து நின்றால் கிராம்பு எண்ணெய் வாசனையை வைத்துத்தான் தெரியும். யாருடைய பெயரும் அவர் மனதில் நிற்காது. பல் நிற்கும். "அங்கமுத்து, அந்தக் கோரைப்பல் ஏறின பையன் ஃபீஸ் கட்டிட்டானா?" என்பார். "முன்பல் சந்து அம்மா வந்தா என்னைப் பார்க்கச் சொல்லுங்க." என் பெயர் அவருக்கு நினைவிருந்ததே பெரிய மரியாதை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, என் சட்டைப்பையில் பெயர்ப்பட்டை இருந்திருக்கிறது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். மிகவும் கோபம் என்றால் உதடு மட்டும்தான் அசையும். திட்டு வாங்குகிறவர் அருகில் போய்க் காதைக் கொடுத்து வாங்க வேண்டும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"மாரமங்கலத்துப் பொண்ணு ஒண்ணு நம்ம பட்டியல்ல முதல் இடத்துல இருக்கே, அது ஏன் இன்னும் வரல?"

"மூணு காலேஜ் பட்டியல்ல இருக்குதுங்க சார். நம்மது, கோயமுத்தூர் ரோட்டுல புதுசா வந்த கண்ணாடிக் கட்டடம், அப்புறம் அந்தப் பழைய காலேஜ்."

"ட்ரஸ்டிங்க போன வருஷ ரிசல்ட்ட வச்சுட்டு என்னை மென்னுட்டு இருக்காங்க. இந்தப் பொண்ணு நமக்கு வேணும். நீங்க அந்த மலைக்காரர்தானே? போய்ப் பேசி, ஒரிஜினலோட வாங்க."

அந்த வார சனிக்கிழமை என் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலேயே பஸ் மாறி மாரமங்கலத்தில் இறங்கினேன். வெள்ளையன் வீடு எது என்று கேட்டேன். கார் நிற்கும் வீடு என்றார்கள். எனக்கு முன்னால் வேறு கல்லூரி வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் வழவழப்பான புத்தகத்தை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கல்லூரியின் பி.ஆர்.ஓ. எதிரே கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியபடி உட்கார்ந்திருந்தவர்தான் வெள்ளையன். இரண்டு பேருக்கும் காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றவள் பூங்கொடி. ஒல்லியான பெண், ஆனால் பார்வை ஒரு இடத்தில் பட்டால் அங்கேயே நிற்கும்.

"வாங்க, நீங்க எந்தக் காலேஜுங்க?" என்றார் வெள்ளையன், வாயின் ஒரு பக்கத்தால்.

சொன்னேன். ஏற்காட்டுக்காரன் என்றும் சொன்னேன். பி.ஆர்.ஓ.வின் முகம் கொஞ்சம் சுருங்கியது. பழைய கல்லூரி ஆளே அனுப்பவில்லை. யார் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்க காலேஜுல எல்லா டென்டல் சேரும் இத்தாலி சார்" என்றார் பி.ஆர்.ஓ., விட்ட இடத்திலிருந்து.

"சேரு எந்த ஊரா இருந்தா என்னுங்க? பல்லு மாரமங்கலத்துப் பல்லு."

வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் பணம் வந்து முடிவைச் சொல்லிவிடும். எது குறைச்சலோ அங்கே சேர்வார்கள். மலைவாழ் குடும்பம் என்பதால் இங்கே படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. மூன்று இடத்திலும் அதே ஏற்பாடு. ஆக, முடிவு செய்வதற்கு அவர்களிடம் ஒன்றுமே இல்லை.

"உனக்கு எது புடிச்சிருக்குதும்மா?" என்று பூங்கொடியிடம் கேட்டேன்.

"எனக்கு டாக்டராவோணும்னுதாங்க இருந்துது. ஒடம்பு பூரா பாக்கற சீட்டு கொஞ்ச மார்க்குல போயிருச்சு. வாய் மட்டும் கெடைச்சிருக்குது. அதையாச்சும் நல்லாக் கத்துக்கோணும். ஆனா மூணு புக்குலயும் ஒரே மாதிரி ஒரு அக்கா மைக்ராஸ்கோப் பாத்துச் சிரிச்சுட்டு இருக்குது. இத வெச்சு என்னன்னுங்க முடிவு பண்றது?"

நான் எங்கள் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்காமலே விட்டேன். அதிலும் அந்த அக்காதான் இருந்தாள்.

வெள்ளையன் கன்னத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். "ஏனுங்க, உங்க காலேஜுல ஆஸ்பத்திரி இருக்குதுங்களா? பல்லுப் புடுங்குவாங்களா?"

"எல்லாக் காலேஜுலயும் உண்டுங்க. இலவசந்தான்."

"அப்பறம் என்னுங்க! மாடு வாங்கப் போனா பல்லப் புடிச்சுப் பாத்துத்தான வாங்கறோம்? எனக்கு மூணு பல்லு கெட்டுக் கெடக்குது. ஒவ்வொரு காலேஜுல ஒண்ணக் குடுத்துப் பாக்கறேன். எங்க நல்லாப் புடுங்கறாங்களோ அங்க புள்ளயச் சேத்தறேன். என்ன கண்ணு?"

"செரிங்கப்பா. நானும் வருவேன், கூடவே நின்னு பாப்பேன்" என்றாள் பூங்கொடி.

பி.ஆர்.ஓ.வின் டை காபி டம்ளருக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

முதலில் கண்ணாடிக் கல்லூரி. அதற்குக் காரே வந்து கூட்டிப் போனதால் நான் பார்க்கவில்லை. அடுத்த நாள் வெள்ளையனுக்குப் போன் செய்து கேட்டேன்.

"நொம்பக் குளுருங்க. மலையில இருந்து போனவனுக்கே குளுருது. சேரு மேல போச்சு, கீழ போச்சு, பின்னால சாஞ்சுது. தூளியில போட்ட மாதிரி இருந்துது. வாயப் பல தினுசுல போட்டோ எடுத்து டி.வி.யில காட்டுனாங்க. அப்பறம் ஒரு பிரசும் சாவிக்கொத்தும் குடுத்து அனுப்பிப்போட்டாங்க."

"பல்லுங்க?"

"பல்லு வாயிலயேதான் இருக்குது. புடுங்கறதுக்கு வேற நாளு வரோணுமாம்."

பின்னால் பூங்கொடியின் குரல் கேட்டது. "அப்பா, அத்தாம் பெரிய ஆஸ்பத்திரியில நம்மள வுட்டா வேற ஆளே இல்லைன்னும் சொல்லுங்க."

ஒரு எதிரி ஒழிந்தான். சேர்வதற்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பிரின்சிபாலிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன் நாற்காலியை விட்டு வேகமாக எழுந்தார்.

"பல்லை வச்சு முடிவு பண்றாரா? முதல்முறையா ஒரு பெற்றோர் சரியான கேள்வி கேட்டிருக்கார்! அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியரே செய்யட்டும். ஒரு துளி வலி இருக்கக் கூடாது."

வெள்ளையன் வந்த அன்று பிரின்சிபாலே வாசலுக்கு வந்துவிட்டார். வணக்கம் சொல்வதற்கு முன் வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளே பார்த்தவர் அசந்துபோனார். "அடடா, என்ன ஒரு தேய்மானம்! ஆயுசு பூரா உழைச்ச பல் இது." ஊரில் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை போலிருக்கிறது, வெள்ளையன் வெட்கப்பட்டார்.

பேராசிரியர் பல் பிடுங்கியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஊசி குத்தும்போது இடது கையால் கன்னத்தை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டத்தில் குத்தியது தெரியவில்லை. மருந்தை அவசரமில்லாமல் இறக்கினார். பிறகு காபி எஸ்டேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். உதடு தடித்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும், நெம்புகிற சின்னக் கருவியால் ஈறைச் சுற்றித் தளர்த்தி, பல் பிடுங்கும் குறட்டால் பிடித்து வெளிப்பக்கம், உள்பக்கம், மறுபடி வெளிப்பக்கம் என்று அசைத்தார். இழுக்கவே இல்லை. முன்னாள் சூப்பிரண்டு மார்க் ஷீட் வாங்குவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"எப்பங்க புடுங்குவீங்க?" என்றார் வெள்ளையன்.

பேராசிரியர் தட்டைக் காட்டினார். பல் அதில் கிடந்தது.

"அட சாமி!" என்று வெள்ளையன் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாற்காலியைச் சுற்றி வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் வளையமாக நின்று, குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வளையத்துக்கு வெளியே பூங்கொடி. பக்கத்தில் நின்ற மாணவியிடம் அவள் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"அக்கா, நீங்க எந்த வருசம்?"

"ஃபைனல் இயர்."

"நீங்க எத்தன பல்லு எடுத்திருக்கீங்க?"

அந்த மாணவி சுற்றுமுற்றும் பார்த்தாள். "சார் எடுக்கறத நிறையப் பார்த்திருக்கேன்" என்றாள்.

எனக்கு அது உறைக்கவில்லை. நான் வெள்ளையனின் சிரித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோச் சாவி சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அவர், "மூணாவது காலேஜுக்கும் போய்ப் பாத்துப்போடறோமுங்க. சொன்னா சொன்ன மாதிரி நடக்கோணும்" என்று சொல்லிவிட்டார். பிரின்சிபால் என்னைத் தனியே அழைத்து உதட்டை அசைத்தார். குனிந்து கேட்டேன். "கூடவே போங்க. எந்தக் காலேஜ்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அப்படித்தான் நான் பூங்கொடிக்குச் சித்தப்பா ஆனேன்.

பழைய கல்லூரியின் ஆஸ்பத்திரி, பண்டிகைக்கு முதல் நாள் சேலம் பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருந்தது. சிமெண்ட் ஷீட் கூரை. சுற்றுகிற மின்விசிறியைவிடச் சுற்றாதது அதிகம். வரிசை வெளியே புளியமரம் வரை நீண்டிருந்தது. சித்தப்பா என்கிற முறையில் நான் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கினேன். வெகுநேரம் கழித்து வெள்ளையனைக் கூப்பிட்டார்கள்.

குறட்டோடு நின்றது ஒரு மாணவி. அவள் நெற்றியில் வேர்வை. பக்கத்தில் நரைத்த கொண்டையோடு ஒரு பேராசிரியை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. பழைய கல்லூரியிலேயே அவர்தான் மூத்தவர் என்று யாரோ சொன்னார்கள்.

"ஏம்மா, பெரிய டாக்டரு வரலீங்களா?" என்றார் வெள்ளையன்.

"இவதான் உங்களுக்கு டாக்டர். நான் பக்கத்துலயே இருக்கேன், பயப்படாதீங்க" என்றார் அந்த அம்மாள்.

ஊசி போட்டார்கள். குறடு பல்லைப் பிடித்தது. மாணவி அசைத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். பல் பாதியில் உடைந்து, வேர் உள்ளே நின்றுவிட்டது. வெள்ளையன் போட்ட சத்தத்தில் புளியமரத்தடியில் நின்றவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாணவியின் கண்ணில் தண்ணீர் திரண்டது. அவள் குறட்டைப் பேராசிரியையிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

"வேர் உடையறது எல்லாருக்கும் நடக்கறதுதான். முதல்ல அவருக்கு இன்னொரு ஊசி போடு. வலி நிக்கட்டும். வேர் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லு."

"பின்பக்கம் மேடம்."

"அப்ப எந்தப் பக்கம் நெம்பணும்?"

மாணவி சொன்னாள். "செய்" என்றார் அம்மாள். அந்தச் சமயத்தில் அவர் நிமிர்ந்து, "யாரும்மா அது, தள்ளி நில்லு கண்ணு, வெளிச்சம் மறைக்குது" என்றார். பூங்கொடி அப்பாவின் வாய்க்குள்ளேயே தலையை விட்ட மாதிரி குனிந்து நின்றிருந்தாள்.

வேர் வந்தது. மாணவி அதை எடுத்து உடைந்த பாதியோடு பொருத்திப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கன்னம் முழுத் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பாவம்தான் அந்த மனிதர், ஆனால் சீட்டு நமக்குத்தான்.

அன்று மாலை மலையேறும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். வெள்ளையன் பஞ்சைக் கடித்திருந்ததால் பேச முடியவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பறம் என்னுங்க முடிவு?" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அவர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாவது கல்லூரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

"எனக்கு மூணாவதுங்கப்பா" என்றாள் பூங்கொடி.

வெள்ளையன் பஞ்சை ஜன்னலுக்கு வெளியே துப்பினார். "என்ன கண்ணு சொல்ற? கண்ணு முன்னாடி அப்பன் செத்துப் பொழைச்சது தெரியலயா உனக்கு?"

"தெரிஞ்சுதுங்கப்பா."

"இவுங்க காலேஜுல பல்லு வந்ததே எனக்குத் தெரியல. அங்க சேரு சாமி."

"அங்க புடுங்குனது யாருங்கப்பா? பெரிய டாக்டரு. படிக்கற அக்காங்க அல்லாரும் எட்டி எட்டிப் பாத்துட்டு நின்னாங்க. அஞ்சு வருசம் எட்டிப் பாக்கறதுக்கா நான் போறேன்? இன்னைக்கு அந்தக்கா பல்ல ஒடைச்சாங்க, அவுங்களே வேரையும் எடுத்தாங்க. அடுத்த ஆளுக்கு ஒடைக்க மாட்டாங்க."

"அடுத்த ஆளுக்கு ஒடைக்காதுன்னா எனக்கென்ன? நான் மொத ஆளாவல்லோ ஒக்காந்திருந்தேன்!"

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கொடி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லுங்க. உங்க ஊட்டுப் புள்ளயா இருந்தா எங்க சேத்துவீங்க?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கம் பிரின்சிபாலின் உதடு. சட்டைப்பையில் பீரோச் சாவி. இன்னொரு பக்கம் ஒரிஜினல் பையை மடியில் அணைத்துக்கொண்டு இந்தப் பெண், என் பதிலை நம்புவதற்குத் தயாராக.

"எனக்குப் பல்லப் பத்தித் தெரியாதும்மா. ஆனா நீ கேட்ட கேள்விக்கு எங்க காலேஜுல அந்தப் பொண்ணு பதில் சொல்லல. அது என் காதுலயும் விழுந்துது" என்றேன்.

பூங்கொடி தலையை ஆட்டினாள். வெள்ளையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சித்தப்பனும் புள்ளயும் சேந்துக்கிட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுத் துண்டைக் கன்னத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மாரமங்கலத்தில் இறங்கும்போதுதான் சொன்னார்: "பல்லுத்தான் போச்சு, போய்ச் சேந்துக்க."

திங்கட்கிழமை பிரின்சிபாலிடம் வெறுங்கையோடு போய் நின்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், பஸ்ஸில் நான் சொன்னதையும் சேர்த்து. வேலை போகுமென்று நினைத்தேன்.

"அந்த வேர் எந்தப் பக்கம் வளைஞ்சிருந்தது?" என்றார் அவர்.

"பின்பக்கம்னு சொன்னாங்க சார்."

"அதை ஒரு மாணவி எடுத்தா?"

"ஆமாங்க சார்."

எழுந்தார். சத்தமில்லாத செருப்போடு படியிறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். பேராசிரியரின் கையிலிருந்த குறட்டை வாங்கினார், அருகில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவனின் கையில் கொடுத்தார். பேராசிரியருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் கல்லூரியின் வழக்கம் மாறியது.

அதன் பலனை முதலில் அனுபவித்தவன் நான்தான். என் அறை ஆஸ்பத்திரிக்கு நேர்மேலே. அடுத்த வருட அட்மிஷனில், மார்க் ஷீட்டின் ஒரு முனை என் கையிலும் மறுமுனை ஒரு தகப்பனார் கையிலும் இருக்கும்போது கீழேயிருந்து அலறல் கேட்டது.

"என்னங்க அது, கத்தறாங்க?" என்றார் அவர்.

"கத்துக்கறாங்க" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் முனையை விடக் கொஞ்சம் நேரம் ஆனது.

பூங்கொடி பழைய கல்லூரியில் நன்றாகவே படித்தாள். எனக்கும் அவள் வீட்டுக்கும் பழக்கம் நின்றுபோகவில்லை. மிச்சமிருந்த கெட்ட பல்லை வெள்ளையன் எங்களிடம்தான் வந்து எடுத்துக்கொண்டார், பெரிய டாக்டர்தான் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. "பொண்ணு படிக்கற எடத்துக்குப் போலாமில்லீங்களா?" என்று நான் கேட்டதற்கு, "அங்க வலிக்குமுங்க" என்றார்.

அவள் கடைசி வருடப் பரீட்சையின்போது ஒரு காலையில் அவரிடமிருந்து போன்.

"ஏனுங்க, உங்களுக்குக் கெட்ட பல்லு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

விஷயம் இதுதான். பரீட்சையில் எக்ஸாமினர் முன்னால் ஒரு பல் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு ஆளை மாணவர்களே கொண்டுவர வேண்டும். பூங்கொடி ஏற்பாடு செய்த ஆள் திடீரென்று ஊருக்குப் போய்விட்டார். அப்பாவைக் கேட்டிருக்கிறாள். அவருக்கும் ஒரு பல் புதிதாகக் கெட்டிருந்தது. ஆனால் அந்த நாற்காலிக்கு மறுபடி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வெகுநாளாகவே குடைந்துகொண்டிருந்தது. பிரின்சிபாலிடம் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். "பரீட்சைக்கு நல்ல பல்தான். ரொம்ப சுலபமும் இல்ல, ரொம்பக் கஷ்டமும் இல்ல. போயிட்டு வாங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நாற்காலியில் சாய்ந்து இரண்டு பக்கப் பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். பூங்கொடி முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிய நின்றாள். "சார், ஊசி குத்தறது மட்டும் எறும்பு கடிச்ச மாதிரி தெரியும். அதுக்கப்பறம் வலிச்சா எடது கையத் தூக்குங்க, உடனே நிறுத்திப்போடறேன்." என் கன்னத்தை லேசாக ஆட்டினாள். குத்தியது தெரியவில்லை. எக்ஸாமினர் ஏதேதோ கேட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டே ஈறைத் தளர்த்தினாள். நரைத்த கொண்டை அம்மாள் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குறடு வெளிப்பக்கம் போனது, உள்பக்கம் வந்தது. என் இடது கை நாற்காலியின் பிடியை விட்டு எழவே இல்லை. பல்லை வெளியே எடுத்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை; எக்ஸாமினரையும் பார்க்கவில்லை. வேர் இரண்டும் முழுசாக வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கண் சிரித்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். புளியமரத்தடியில், மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்தபடி வெள்ளையன் நின்றிருந்தார். வரமாட்டேன் என்று சொன்ன மனிதர் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்.

"வலிச்சுதுங்களா?" என்றார்.

வாய் திறக்க முடியாததால் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"நெசமாலுமேங்களா?"

மறுபடி ஆட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பரீட்சை நடக்கிற கூடத்தை நோக்கி நடந்தார். வாசலில் இருந்த வாட்ச்மேன் தடுத்தார்.

"யாரப் பாக்கோணுங்க?"

"டாக்டரு பூங்கொடியப் பாக்கோணும். நான் அவுங்கப்பன். எனக்கு ஒரு பல்லு எடுக்கோணும்."

"உள்ள பரீச்ச நடக்குதுங்க. அவுங்க இன்னும் டாக்டரே ஆவல. ரிசல்ட்டு வரோணுமல்ல?"

வெள்ளையன் திரும்பி என்னைக் கைகாட்டினார்.

"உள்ள போன ஆளு கத்தாம வந்து நிக்கறாரு பாருங்க. ரிசல்ட்டு வந்தாச்சுங்க."